முதன்முறை வந்தவர் மறுமுறை வருகிறாரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆய்வுக் கட்டுரைகள் எல்லாம் கைபேசியிலேயே படிக்கக் கிடைக்கும்போது, நூற்றுக்கணக்கானோர் பயணம் செய்து ஓர் அரங்கில் வந்து உட்காரத்தான் வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். கட்டுரையைப் பரப்புவது மட்டுமே மாநாட்டின் வேலை என்றால் மின்னஞ்சலே போதும். ஆனால் ஒரு துறைக்குள் புதிதாக வருகிறவர், ‘இவர்களிடம் என் சந்தேகத்தைக் கேட்கலாம், தவறினால் திருத்துவார்கள், விரட்ட மாட்டார்கள்’ என்று முதன்முதலில் உணரவேண்டிய இடம் மாநாடு. அந்த நம்பிக்கை தானாக முளைப்பதில்லை. நேரப் பட்டியலில், மைக் யார் கைக்கு முதலில் போகிறது என்பதில், நிராகரிப்புக் கடிதத்தில் எழுதும் இரண்டு வரியில் அதை உருவாக்க வேண்டியிருக்கிறது. மாநாடு நடத்துகிறவர்களுக்கும் அதில் கலந்துகொள்கிறவர்களுக்கும் பயன்படும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

1860 செப்டம்பரில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் ஐரோப்பிய வேதியியலாளர்கள் மூன்று நாள் கூடினார்கள். அணு எடையைக் கணக்கிடுவதில் ஆளுக்கொரு முறை இருந்த காலம் அது. அசிட்டிக் அமிலத்துக்கு மட்டும் 19 வாய்பாடுகள் புழக்கத்தில் இருந்ததை ஜெர்மன் வேதியியலாளர் கெகுலே தம் பாடநூலில் அடுத்த ஆண்டு பட்டியலிட்டுக் காட்டினார். மூன்று நாள் விவாதித்தும் கூட்டம் ஒரு முடிவுக்கு வரவில்லை. கலையும் நேரத்தில் இத்தாலிய வேதியியலாளர் கன்னிசாரோ அணு எடை பற்றி எழுதிய ஒரு சிறு பிரசுரத்தை அவருடைய நண்பர் பவேசி வந்தவர்களுக்குக் கொடுத்தார். ஜெர்மன் வேதியியலாளர் லோதர் மேயர் அதைப் பையில் போட்டுக்கொண்டு போய்ப் பிறகு படித்தார்; அவருடைய குழப்பம் தீர்ந்தது. கன்னிசாரோ பேசியதை 26 வயது ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ் நேரில் கேட்டிருந்தார். 1869இல் மெண்டலீவின் தனிம அட்டவணை வந்தது. தீர்மானம் எதுவும் நிறைவேறாத ஒரு கூட்டம், இளைஞர் இருவர் கையில் ஒரு சரியான கருத்தைச் சேர்த்துவிட்டது. நம் மொழிக்கும் இப்படி ஒன்று நேர்ந்திருக்கிறது. 1964 ஜனவரியில் புதுதில்லியில் நடந்த கீழைத்தேயவியல் அறிஞர் மாநாட்டுக்கு வந்திருந்த தமிழாய்வாளர்கள் அங்கேயே தனியாகக் கூடிப் பேசியதில்தான் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் பிறந்தது. தனிநாயகம் அடிகள் அதில் முன்னின்றார். இரண்டே ஆண்டில், 1966இல், கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியது.

ஆட்கள் சந்தித்தால் நல்லது நடக்கும் என்று சும்மா இருந்துவிட முடியாது. ஹார்வர்டு மருத்துவப் பள்ளி வட்டாரத்தில் நடந்து 2017இல் வெளியான ஒரு சோதனை இங்கே உதவும். ஆய்வு நிதிக்கு விண்ணப்பிக்க ஆர்வமுள்ளவர்களைக் குலுக்கல் முறையில் வெவ்வேறு அறைகளுக்குப் பிரித்து, ஒவ்வொருவரும் தம் வேலையை மற்றவர்களுக்கு விளக்கும்படி 90 நிமிடக் கூட்டம் நடத்தினார்கள். ஒரே அறையில் இருக்க நேர்ந்த இருவர் பிறகு சேர்ந்து விண்ணப்பிக்கும் வாய்ப்பு 75 விழுக்காடு கூடியது. முன்பின் அறியாத இருவர் சேர்ந்து விண்ணப்பிப்பது அரிது என்பதால் அடிப்படை எண்ணிக்கை சிறியதுதான். ஆனாலும் ஒழுங்குபடுத்திய ஒன்றரை மணி நேரத்துக்கு அவ்வளவு பலன் இருந்தது. ‘ஒழுங்குபடுத்திய’ என்ற சொல்லைத்தான் கவனிக்க வேண்டும்.

நேரத்தைப் பங்கிடுவதில் தொடங்குவோம், பெரும்பாலான மாநாடுகள் கெடுவது அங்கேதான். ஒரு 90 நிமிட அமர்வில் நான்கு கட்டுரைகளுக்கு மேல் வைக்கக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் 20 நிமிடம்: பேச 12, கேள்விக்கு 6, ஸ்லைடு மாற்றி அடுத்தவர் மேடையேற 2. மீதம் 10 நிமிடம் தாமதத்துக்கு. இதே 90 நிமிடத்தில் ஆறு பேரையோ எட்டுப் பேரையோ திணித்தால் கேள்வி நேரம் பறிபோகும். பேசுகிறவர் வேகமாகப் படித்துவிட்டு இறங்குவார். கட்டுரையைப் பற்றி யாரும் ஒரு சொல் சொல்லாமலே அவர் ஊர் திரும்புவார். இதைவிடப் பெரிய கேடு வரிசையில் இருக்கிறது. மூத்தவர்களை முதலில் பேசவைப்பது வழக்கம். முதலில் பேசுகிறவர் எட்டு நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொண்டால் இழப்பது கடைசியில் நிற்கும் ஆய்வு மாணவர். மாணவரை முதலிலோ இரண்டாவதாகவோ வைத்தால் இந்தச் சிக்கல் பாதி தீர்ந்துவிடும். 5 நிமிடம், 2 நிமிடம், ‘நிறுத்துங்கள்’ என்று மூன்று அட்டைகள் எழுதி, முதல் வரிசை நடுவில் ஒருவரை உட்காரவைத்து, பேசுகிறவர் கண்ணில் படும்படி காட்டச் சொல்லுங்கள். ஓரத்தில் உட்கார்ந்து காட்டும் அட்டையை யாரும் பார்ப்பதில்லை. ஒருவர் வராமல் போனால் அவருடைய 20 நிமிடத்தைக் காலியாகவே விடுங்கள், அல்லது முந்தைய கட்டுரையின் விவாதத்துக்குக் கொடுங்கள். அடுத்தவரை முன்னே இழுத்தால், அச்சிட்ட நேரத்தை நம்பி வேறு அறையிலிருந்து அவருடைய பேச்சைக் கேட்க வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள்.

மாநாட்டிலேயே முக்கியமானவர் யார் என்று கேட்டால், தலைமையுரை ஆற்றுகிறவரைச் சொல்ல மாட்டோம், அமர்வுத் தலைவரைத்தான் சொல்வோம். பல இடங்களில் அந்தப் பொறுப்பு கௌரவப் பதவியாகிவிட்டது. தன்விவரக் குறிப்பைப் படித்து அறிமுகம் செய்வார், கடைசியில் நன்றி சொல்வார், அவ்வளவுதான். உண்மையில் அவருடைய வேலை ஒரு வாரம் முன்பே தொடங்குகிறது. நான்கு கட்டுரைகளையும் அவர் படித்திருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும், பேசியவர் இன்னும் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வழி திறக்கும் ஒரு கேள்வியைக் கையில் வைத்திருக்க வேண்டும். அமர்வுக்குப் பத்து நிமிடம் முன்னதாக வந்து நான்கு பேரின் பெயரையும் எப்படி உச்சரிப்பது என்று அவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பெயரைத் தவறாகச் சொன்னால் பேசுகிறவர் முதல் நிமிடத்திலேயே அந்நியமாகிவிடுவார்.

கேள்வி நேரத்தில் முதல் கை யாருடையது என்பது பின்னால் வருவதைத் தீர்மானிக்கிறது. பத்து நாடுகளில் 35 நிறுவனங்களில் நடந்த 247 துறைக் கருத்தரங்குகளைக் கவனித்துக் குறித்த ஓர் ஆய்வு 2018இல் வெளியானது. அவையில் ஆணும் பெண்ணும் சமமாக இருந்தாலும், ஒரு கேள்வி ஆணிடமிருந்து வரும் வாய்ப்பு இரண்டரை மடங்குக்கு மேல் இருந்தது. முதல் கேள்வியை ஆண் கேட்ட கூட்டங்களில் பெண்களின் கேள்விகள் மேலும் குறைந்தன. இளையவர்களும் இப்படித்தான் ஒதுங்கிப்போகிறார்கள். ஆகவே பேச்சு முடிந்ததும் உடனே ‘கேள்விகள் உண்டா?’ என்று கேட்காமல், ‘பக்கத்தில் இருப்பவரோடு ஒரு நிமிடம் பேசுங்கள், பிறகு கேள்விக்கு வருவோம்’ என்று சொல்லிப் பாருங்கள். அந்த ஒரு நிமிடத்தில் ஒரு மாணவி தன் கேள்வியைப் பக்கத்தவரிடம் சொல்லிப் பார்ப்பாள், அது அபத்தமில்லை என்று அறிவாள், பிறகு கை உயர்த்துவாள். முதல் வாய்ப்பை மாணவருக்கோ முதன்முறை வந்தவருக்கோ கொடுப்பதை விதியாக வைத்து, அமர்வின் தொடக்கத்திலேயே அறிவித்துவிடுங்கள். அறிவிக்காமல் செய்தால் மூத்தவர் ஒருவர் தன்னைப் புறக்கணித்ததாக நினைப்பார். ‘கேள்வி இல்லை, ஒரு கருத்துதான்’ என்று தொடங்கி நான்கு நிமிடம் பேசுகிறவரை மரியாதையாக நிறுத்த ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்திருங்கள்: ‘ஐயா, இதை இடைவேளையில் அவரோடு விரிவாகப் பேசுங்கள், இப்போது அடுத்த கேள்வி.’ மைக்கைக் கேட்பவர் கையில் கொடுத்துவிடாமல் தன்னார்வலர் பிடித்துக்கொண்டு நின்றால், பேச்சை முடிப்பது எளிது.

ஆதரவு என்றால் புகழ்வது என்று ஒரு தவறான புரிதல் பரவியிருக்கிறது. ‘அருமையான கட்டுரை, வாழ்த்துகள்’ என்று மட்டும் சொல்லி அனுப்பினால் அந்த ஆய்வாளர் அதே பிழையோடு இதழுக்கு அனுப்பி அங்கே அடிவாங்குவார். பிழையைக் காட்டுவதுதான் ஆதரவு. காட்டும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ‘உங்கள் மாதிரி அளவு போதாது’ என்பது தீர்ப்பு. ‘இந்த முடிவைச் சொல்ல எத்தனை பேரைச் சேர்க்க வேண்டியிருக்கும் என்று கணக்கிட்டீர்களா? அந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்று நான் காட்டுகிறேன்’ என்பது அதே குறையைச் சொல்லி, கூடவே கையையும் நீட்டுகிறது. வேலை முடியாத நிலையில் இருப்பதைப் பேசவும் துணிவு வேண்டும். 1931இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நீல் கோர்டன் தொடங்கிய கூட்டங்கள், பின்னாளில் அவர் பெயரையே தாங்கிய கோர்டன் ஆய்வு மாநாடுகள், இதற்கு ஒரு நல்ல வழக்கத்தை ஏற்படுத்தின. அங்கே சொல்வதை, சொன்னவரின் அனுமதியின்றி வெளியே மேற்கோள் காட்டக் கூடாது, படமெடுக்கக் கூடாது. பிற்பகல்களை வேண்டுமென்றே காலியாக விட்டு, மாலையில் மறுபடி கூடுவார்கள். வெளியிடாத தரவை, தோற்றுப்போன சோதனையைப் பேச அந்தப் பாதுகாப்பு இடம் தருகிறது. எந்த மாநாட்டிலும் ஓர் அமர்வையாவது, ‘எதிர்பார்த்தபடி நடக்காதவை’ என்று பெயரிட்டு, பதிவு செய்யாமல், படமெடுக்காமல் நடத்தலாம். முதலில் பேச ஒரு மூத்தவர் முன்வர வேண்டும். அவர் தன் தோல்வியைச் சொன்ன பிறகுதான் மற்றவர்கள் வாய் திறப்பார்கள்.

மாநாட்டோடு ஒருவருக்கு முதல் தொடர்பு அரங்கில் ஏற்படுவதில்லை, அவர் அனுப்பிய ஆய்வுச் சுருக்கத்துக்கு வரும் பதிலில் ஏற்படுகிறது. 300 சொல் சுருக்கம் எழுத அவர் பல நாள் செலவிட்டிருப்பார். ‘வருந்துகிறோம், அதிக எண்ணிக்கையில் வந்ததால் ஏற்க இயலவில்லை’ என்ற ஒற்றை வரி அவருக்கு எதையும் கற்றுத்தருவதில்லை. ஒவ்வொரு சுருக்கத்தையும் மூன்று பேர் படிக்க வேண்டும். பெயரும் நிறுவனமும் அவர்களுக்குத் தெரியக் கூடாது. ஒரு மதிப்பீட்டாளருக்குப் பத்துக்கு மேல் கொடுத்தால் கடைசி ஐந்தை அவர் அவசரமாகப் புரட்டுவார். படிவத்தில் மதிப்பெண்ணுக்கு மேலே இரண்டு கட்டாயக் கட்டங்கள் இருக்கட்டும்: ‘இந்த ஆய்வு சொல்வதாக நான் புரிந்துகொண்டது’, ‘நான் ஏற்றுக்கொள்ள இன்னும் தேவைப்படுவது’. முதல் கட்டத்தை நிரப்பியே ஆக வேண்டும் என்பதால் மதிப்பீட்டாளர் உண்மையிலேயே படிப்பார். எழுதியவருக்கும் தன் எழுத்து எங்கே தடம் மாறியது என்று தெரியும். நிராகரிப்புக் கடிதத்தில் இன்னொரு உண்மையையும் சேர்த்துச் சொல்லலாம். இயந்திரக் கற்றல் துறையின் நியூரிப்ஸ் மாநாட்டில் 2014இல் 166 கட்டுரைகளை இரண்டு தனித்தனிக் குழுக்களிடம் கொடுத்துச் சோதித்தார்கள். 43 கட்டுரைகளில் இரு குழுக்களின் முடிவும் வேறுபட்டது. ஒரு குழு ஏற்றவற்றில் பாதிக்கு மேல் மற்றொரு குழுவால் நிராகரிக்கப்பட்டவை. நிராகரிப்பு என்பது ஆய்வாளரின் தகுதிக்குக் கிடைத்த தீர்ப்பு ஆகாது என்பதை எண்களோடு சொல்ல இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆய்வை ஒரு பெரிய தாளில் அச்சிட்டுப் பலகையில் மாட்டி, அருகே நின்று விளக்கும் போஸ்டர் அமர்வைப் பலரும் இரண்டாம் தரமாக நடத்துகிறார்கள். எங்களுக்கு அது வருத்தம் தருகிறது, ஏனென்றால் ஒரு புதியவர் தன் துறையின் மூத்தவரோடு எதிரெதிரே நின்று பத்து நிமிடம் பேசக்கூடிய ஒரே இடம் அதுதான். மேடைப் பேச்சில் ஆறு நிமிடக் கேள்வி நேரத்தை அவையே பகிர்ந்துகொள்கிறது. போஸ்டர் முன்னால் முழு நேரமும் உரையாடல். போஸ்டரை வேறு மாடியில், வெளிச்சமில்லாத நடைக்கூடத்தில், உணவு நேரத்தில் வைத்தால் யாரும் வர மாட்டார்கள். இடைவேளைக்கு எல்லோரும் கூடும் அதே அரங்கில் வையுங்கள். வரிசைகளுக்கு நடுவே குறைந்தது இரண்டு மீட்டர் இடம் விட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு போஸ்டர் முன் நால்வர் நின்றதும் வழி அடைபடும். ஏ0 அளவு 841க்கு 1189 மில்லிமீட்டர். அதை நெடுக்காகவா குறுக்காகவா தயாரிக்க வேண்டும் என்று அறிவிப்பிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாததால், குறுக்கே அச்சிட்டுக் கொண்டுவந்த போஸ்டர் பலகையைத் தாண்டி இரு பக்கமும் தொங்கி, அடுத்தவர் போஸ்டரை மறைப்பது சாதாரணமாக நடக்கிறது. தலைப்பு 85 பாயின்ட்டுக்குக் குறையாமல், உள்ளெழுத்து 24க்குக் குறையாமல், மொத்தம் 400 சொல்லுக்குள் இருந்தால் நின்று படிக்கலாம். ஒற்றை எண் போஸ்டர்காரர்கள் முதல் மணி நேரமும், இரட்டை எண்காரர்கள் அடுத்த மணி நேரமும் தம் பலகை அருகே நிற்கட்டும். இல்லையென்றால் எல்லோரும் தம்தம் போஸ்டரைக் காவல் காத்துக்கொண்டு நிற்பார்கள், மற்றவர்களுடையதைப் பார்க்கவே முடியாது. ஒவ்வொரு போஸ்டருக்கும் இரண்டு மூத்தவர்களை முன்கூட்டியே ஒதுக்கி, ஒவ்வொரு மூத்தவருக்கும் மூன்று போஸ்டர்களைக் குறித்து, ‘இந்த மூன்றுக்கும் கட்டாயம் போய் ஐந்து ஐந்து நிமிடம் பேசுங்கள்’ என்று எழுத்தில் கொடுங்கள். யாருமே வராத போஸ்டருக்குப் பக்கத்தில் இரண்டு மணி நேரம் தனியாக நின்ற மாணவர், அடுத்த ஆண்டு எதையும் அனுப்ப மாட்டார்.

இடைவேளை 15 நிமிடம் என்று போட்டால் அது இடைவேளையே ஆகாது. அரங்கைவிட்டு வெளியே வர ஐந்து நிமிடம், வரிசையில் நிற்க ஐந்து நிமிடம், திரும்பி வர ஐந்து நிமிடம். பேசுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. 30 நிமிடம் கொடுங்கள். அதற்காக ஒரு தலைமையுரையைக் குறைத்தாலும் தவறில்லை. இடைவேளையில் புதியவர் படும் பாடு வெளியே தெரிவதில்லை. மூத்தவர்கள் ஐந்தாறு பேர் வட்டமாக நின்று சிரித்துப் பேசுகிறார்கள். தோளோடு தோள் ஒட்டி நிற்கும் அந்த வட்டத்துக்குள் நுழைய வழியில்லை. புதியவர் இரண்டடி தள்ளி நின்று, கைபேசியை எடுத்துப் பார்ப்பதுபோல் காட்டிக்கொள்கிறார். இதற்கு ‘பேக்மேன் விதி’ என்று ஓர் எளிய வழக்கம் உண்டு. அந்தப் பழைய கணினி விளையாட்டின் உருவம் வாயைத் திறந்து வைத்திருப்பதுபோல, நிற்கும் வட்டத்தில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு எப்போதும் இடைவெளி விட வேண்டும். அதில் ஒருவர் வந்து சேர்ந்ததும் மறுபடி ஓர் இடைவெளி. தொடக்க அமர்வில் அரை நிமிடம் ஒதுக்கி இதைச் சொன்னால், அன்று பிற்பகலே வட்டங்கள் திறந்து நிற்பதைப் பார்க்கலாம்.

முதன்முறை வருகிறவர்களின் அடையாள அட்டையில் தனி நிறம் ஒட்டுவது சில இடங்களில் வழக்கம். நல்ல எண்ணம்தான், ஆனால் ‘அனுபவமில்லாதவர்’ என்ற முத்திரையாகவும் அது படும். நிறத்தை மூத்தவர்களுக்கு மாற்றிவிடுங்கள்: ‘என்னிடம் வந்து பேசலாம்’ என்று ஒப்புக்கொண்டவர்கள் அணியட்டும். ஒரு மூத்தவருக்கு இரண்டு அல்லது மூன்று புதியவர்கள் என்று துணை சேர்ப்பதும் பலன் தரும். ஆனால் பெயர்ப் பட்டியலை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, ‘நீங்களே சந்தித்துக்கொள்ளுங்கள்’ என்றால் பெரும்பாலானவர்கள் சந்திப்பதே இல்லை. முதல் நாளில் அரை மணி நேரத்தை அதற்கென்றே நிரலில் போட்டு, மேசை எண்ணும் கொடுக்க வேண்டும். மூத்தவருக்கு ஒரே வேலை: மாநாடு முடிவதற்குள் ஒவ்வொருவரையும் அவர் துறைக்கு வேண்டிய இருவரிடம் பெயர் சொல்லி அறிமுகம் செய்துவைப்பது. தலைமையுரைக்கு அழைக்கும் கடிதத்திலேயே, ‘அன்று முழுவதும் இருந்து மாணவர்களோடு ஒரு மணி நேரம் செலவிட வேண்டுகிறோம்’ என்று எழுதிவிட்டால், பேசிவிட்டு உடனே கிளம்பும் பழக்கம் குறையும்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் ஆதரவைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. பயண உதவித்தொகை தருவதாக அறிவிக்கிறார்கள். ஆனால் மாணவர் முதலில் தன் கைப்பணத்தில் செலவழித்து, ரசீதுகளைச் சேர்த்து அனுப்பி, மாதக்கணக்கில் காத்திருந்து திரும்பப் பெற வேண்டும். கையில் பணம் இல்லாதவருக்குத்தான் உதவித்தொகை. அவரையே முதலில் கடன் வாங்கச் சொல்கிறோம். டிக்கெட்டையும் தங்குமிடத்தையும் ஏற்பாட்டுக் குழுவே நேரடியாகப் பதிவு செய்வதுதான் சரி. முடியாவிட்டால் தொகையில் பெரும்பகுதியை முன்பணமாகக் கொடுக்க வேண்டும். பதிவுப் படிவத்தில், ‘கட்டணச் சலுகை வேண்டும்’ என்று ஒரு கட்டம் வைத்து, டிக் செய்தாலே போதும் என்று விடுங்கள். வறுமையை விளக்கிக் கட்டுரை எழுதச் சொன்னால், உண்மையில் தேவைப்படுகிறவர் கூச்சப்பட்டு விலகிவிடுவார். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு விசாவுக்கான அழைப்புக் கடிதம் குறைந்தது 12 வாரம் முன்னதாகப் போய்ச் சேர வேண்டும். ஏற்பு முடிவை எட்டு வாரம் முன்னால் அறிவித்தால் அது வெறும் காகித அழைப்பு.

நடத்தை நெறிமுறையை இணையதளத்தில் போட்டுவிட்டுக் கடமை முடிந்ததாக நினைப்பது ஆபத்து. தகாத பேச்சோ தொல்லையோ நேர்ந்தால் யாரிடம் சொல்வது? பொதுவான ஒரு மின்னஞ்சல் முகவரி கொடுத்திருப்பார்கள். அது குழு உறுப்பினர் அனைவருக்கும் போகும். புகாருக்கு உள்ளானவரே அந்தக் குழுவில் இருந்தால்? இரண்டு தொடர்பாளர்களை நியமியுங்கள். ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். இருவரில் யாரும் மாநாட்டுத் தலைவராக இருக்கக் கூடாது. இருவரும் ஒரே நிறுவனத்தைச் சேர்ந்தவராகவும் இருக்கக் கூடாது. அவர்களுடைய படமும் தொலைபேசி எண்ணும் அடையாள அட்டையின் பின்புறம் அச்சாகியிருக்கட்டும், ஏனென்றால் நெருக்கடியில் யாரும் இணையதளத்தைத் தேடமாட்டார்கள். புகார் சொல்கிறவர் விரும்பாத எதையும் செய்யக் கூடாது. முதலில் ‘உங்களுக்கு இப்போது என்ன வேண்டும்’ என்று கேட்க வேண்டும். நடந்ததை அன்றே தேதி, நேரத்தோடு எழுதி வைக்க வேண்டும். அடுத்த நாள் அமர்வு தொடங்குவதற்குள் ஒரு முடிவு எடுக்கப்பட்டு அவருக்குச் சொல்லப்பட வேண்டும். மாநாடு முடிந்த பிறகு விசாரிப்போம் என்றால், இருவரும் அதே அரங்கில் மூன்று நாள் எதிரெதிரே இருக்க வேண்டியிருக்கும். பெரும்பாலும் விலகிப்போவது புகார் சொன்னவர்தான்.

‘என் குரல் நன்றாகக் கேட்கும், மைக் வேண்டாம்’ என்று பெருந்தன்மையாகச் சொல்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: மைக்கில் பேசுங்கள். செவித்திறன் குறைந்தவர் அவையில் கை தூக்கி, ‘எனக்குக் கேட்கவில்லை’ என்று சொல்ல வேண்டிய நிலையை ஏற்படுத்தாதீர்கள். அவையிலிருந்து வரும் கேள்வியையும் மைக்கில் திருப்பிச் சொல்ல வேண்டும். இணையவழி கேட்கிறவர்களுக்கும் அதுதான் ஒரே வழி. அவர்களுக்கென்று அரங்கில் தனியாக ஒருவர் இருந்து, நேரில் ஒரு கேள்வி, இணையத்தில் ஒரு கேள்வி என்று மாற்றி மாற்றி வாசித்தால் அவர்களும் மாநாட்டில் இருப்பார்கள். கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்குப் பூட்டக்கூடிய ஒரு சிறு அறையும், மேடைக்குச் சாய்தளமும் ஏற்பாடு செய்வதற்குப் பெரிய செலவு ஆவதில்லை. இடத்தைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே நினைத்துப் பார்த்தால் போதும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். ஆய்வாளர்களின் பதவி உயர்வுத் தேவையைக் குறிவைத்துக் கட்டணம் வசூலிப்பதற்காகவே நடக்கும் மாநாடுகள் இருக்கின்றன. 2005இல் அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பக் கழக மாணவர்கள் மூவர், கணினி நிரலைக் கொண்டு உருவாக்கிய பொருளற்ற கட்டுரை ஒன்றை ஒரு மாநாட்டுக்கு அனுப்பினார்கள். மதிப்பீட்டுக் குறிப்பு ஒன்றுகூட இல்லாமல் அது ஏற்கப்பட்டது. அனுப்பிய மறுநாளே ஏற்புக் கடிதம் வந்தாலோ, ஒரே மாநாட்டின் பெயரில் தொடர்பில்லாத பத்துத் துறைகள் இருந்தாலோ, குழுப் பட்டியலில் உள்ள ஒருவருக்கு எழுதிக் கேட்டபோது ‘எனக்கே தெரியாது’ என்று பதில் வந்தாலோ பணம் கட்டாதீர்கள். நெறியாளர்கள் இதைத் தம் மாணவர்களுக்கு முதல் ஆண்டிலேயே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

மாநாடு முடிந்தபின் எழுதும் அறிக்கையில், இத்தனை பேர் வந்தார்கள், இத்தனை கட்டுரைகள் வாசிக்கப்பட்டன என்ற எண்களே நிறைந்திருக்கும். நிதி தருகிறவர்கள் அவற்றைத்தான் கேட்கிறார்கள் என்பதால் ஏற்பாட்டாளர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் நிதி தருகிறவர்கள் வேறு நான்கு எண்களைக் கேட்கத் தொடங்கினால் நிலைமை மாறும்: ஒரு கட்டுரைக்குச் சராசரியாக எத்தனை நிமிடக் கேள்வி நேரம் உண்மையில் கிடைத்தது, கேள்வி கேட்டவர்களில் மாணவர்கள் எத்தனை பேர், நிராகரிக்கப்பட்டவர்களில் எத்தனை பேருக்கு எழுத்துவடிவக் கருத்துரை போனது, சென்ற முறை முதன்முதலாக வந்தவர்களில் எத்தனை பேர் இந்த முறையும் வந்தார்கள். முதல் இரண்டையும் எண்ண, அமர்வுக்கு ஒரு தன்னார்வலரும் ஒரு தாளும் போதும். நான்காவதற்குப் பதிவுப் படிவத்தில் ஒரே ஒரு கேள்வியைச் சேர்த்தால் போதும்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. மாநாட்டுச் செய்தி என்றால் மேடையில் இருப்பவர்களின் படமும், தொடங்கி வைத்தவர் பேச்சின் இரண்டு வரியும் வெளியாகின்றன. அடுத்த முறை உங்கள் செய்தியாளர் போஸ்டர் அரங்குக்கு ஒருமுறை போய்வரட்டும். அங்கே நிற்கும் ஓர் ஆய்வு மாணவரிடம் அவர் என்ன கண்டுபிடித்தார் என்று கேட்டு, அதையும் அந்தச் செய்தியில் சேர்த்து வெளியிட வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
ஆய்வு மாநாடுகளை ஒருங்கிணைக்கும் பணியில் உள்ள ஆசிரியர்கள்